கல் கோபுர வீடுகள்: அடுப்பு எங்கே இருந்தது?

ஷானன்கரை எழுதியது:

வணக்கம். அயர்லாந்தில் லிமெரிக் பக்கம் வேலை பார்க்கிறேன், வந்து 6 வருடம் ஆகிறது. போன மாதம் அம்மா திருநெல்வேலியில் இருந்து வந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரில் வயலுக்கு நடுவே தனியாக நிற்கும் பழைய கல் கோபுரம் ஒன்றைக் காட்ட அழைத்துப் போனேன். தனியார் நிலம், அதனால் இடத்தின் பெயர் வேண்டாம். நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் போனோம். மாடு மேய்கிறது, வேலிக்கதவை மறக்காமல் சாத்திவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

வெளியே இருந்து பார்த்தால் ஓங்கி நிற்கும் ஒரு கல் பெட்டி. ஒரே ஒரு வாசல், அதுவும் குனிந்து போகிற மாதிரி. வாசலைத் தாண்டியதும் இரண்டு பேர் நெருக்கி நிற்கும் அளவுக்குச் சின்ன இடம். அண்ணாந்து பார்த்தால் தலைக்கு நேர் மேலே சதுரமாக ஓர் ஓட்டை. கதவை உடைத்து நுழைபவன் தலையில் கல்லைப் போடுவதற்காம். கீழ்த்தளம் ஒரே இருட்டு. ஜன்னல் என்று சொல்ல முடியாது, பிளவுகள்தான். வெளிப்பக்கம் நான்கு விரல் அகலம், உள்பக்கம் கை விரித்த அகலம். கண் பழகியதும் அம்மாதான் முதலில் அதைப் பார்த்தார்கள். வளைந்த கல் கூரையின் அடிப்பக்கம் முழுக்கப் பாய் முடைந்த அச்சு! ஃபோன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு விளாரையும் எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். "யாரோ பாயை ஒட்டிவெச்சு உரிச்ச மாதிரில்லா இருக்கு" என்றார்கள்.

அப்புறம் சுவரின் கனத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஏறும் படி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். நான்கு தளமும் பார்த்து இறங்கி, வெளியே புல்லில் உட்கார்ந்ததும் அம்மா கேட்டார்கள்: "எல்லாம் சரி, அடுப்பு எங்கே?"

என்னிடம் பதில் இல்லை. மேல் கூடத்தில் குளிர்காயும் அளவுக்கு ஒரு கணப்பு இருந்தது. ஒரு குடும்பத்துக்கும் அவர்களது ஆட்களுக்கும் வடித்துக்கொட்டுகிற இடம் எதுவும் கண்ணில் படவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவற்றை யார் கட்டினார்கள், யாருக்குப் பயந்து கட்டினார்கள், உள்ளே எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள்?

பழையஏடு எழுதியது:

தம்பி, நீங்கள் பார்த்ததை ஆங்கிலத்தில் டவர் ஹவுஸ் என்பார்கள். ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் காசில் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அரசன் படையோடு தங்கும் கோட்டை வேறு, இது வேறு. இது வீடு. வசதியுள்ள ஒரு குடும்பம் தன் பாதுகாப்புக்காகத் தானே கட்டிக்கொண்ட கல் வீடு. அயர்லாந்தில் ஏறக்குறைய 1400 முதல் 1650 வரை கட்டப்பட்டவை மூவாயிரம் வரை இருக்கும் என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. லிமெரிக், டிப்பரரி, கார்க், கால்வே, கிளேர் பக்கம் அதிகம். உங்கள் வீட்டில் இருந்து எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் அரை மணிக்குள் ஒன்று கண்ணில் படும்.

யார் கட்டினார்கள் என்றால் எல்லோரும். 1429-இல் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றியின் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. டப்ளின், மீத், கில்டேர், லௌத் ஆகிய நான்கு மாவட்டங்களில் 10 வருடத்துக்குள் கோபுரம் கட்டும் மன்னர் விசுவாசிக்கு 10 பவுண்டு மானியம். குறைந்தபட்ச அளவும் சொல்லியிருந்தார்கள்: நீளம் 20 அடி, அகலம் 16 அடி, உயரம் 40 அடி. மீத்தில் உள்ள டோனோர் கோபுரம் ஏறக்குறைய இந்த அளவில் நிற்கிறது. இதை வைத்து, ஆங்கில அரசு காசு கொடுத்ததால்தான் கோபுரங்கள் முளைத்தன என்று வெகுநாள் எழுதிவந்தார்கள். அது சரியில்லை. மானியத்துக்கு முன்பே கட்டத் தொடங்கிவிட்டார்கள். மானியம் எட்டாத மேற்கிலும் தெற்கிலும்தான் எண்ணிக்கை அதிகம். அங்கே கட்டியவர்கள் கேலிக் (அதாவது அயர்லாந்தின் பூர்வீக) குலத் தலைவர்களும், எப்போதோ வந்து ஊரோடு கலந்துபோன நார்மன் வழிக் குடும்பங்களும். எல்லோரும் அங்கே உள்ள கல்லை முத்தமிட ஆசைப்பட்டுப் போகும் பிளார்னி 1446-இல் கார்மக் மக்கார்த்தி கட்டியது. உங்கள் பக்கத்து பன்ராட்டி 1425 வாக்கில் மக்னமாரா குடும்பம் கட்டியது, பிறகு ஓ'பிரையன்கள் கைக்குப் போனது.

பெண்களும் ஆண்டிருக்கிறார்கள். மேயோ கடற்கரையில் ராக்ஃப்ளீட் என்று நான்கு தள கோபுரம், அலை ஏறினால் காலடியில் தண்ணீர். கப்பல் தலைவி கிரேஸ் ஓ'மாலி வாழ்ந்த இடம். தன் கப்பலின் கயிற்றைச் சுவர் ஓட்டை வழியே இழுத்துக் கட்டில் காலில் கட்டிக்கொண்டு தூங்குவாள் என்பது ஊர்க்கதை. கதை அப்படியே இருக்கட்டும். 1593-இல் அவள் லண்டன் போய் முதலாம் எலிசபெத்தை நேரில் பார்த்துப் பேசியது வரலாறு.

எல்லைநடையன் எழுதியது:

நான் எடின்பரோவில் இருக்கிறேன். விடுமுறை நாட்களில் ஸ்காட்லாந்து - இங்கிலாந்து எல்லைப் பகுதியில் நடப்பது என் வழக்கம், அதனால் இந்தக் கோபுரங்கள் மேல் எனக்குத் தீராத பற்று உண்டு. "யாருக்குப் பயந்து" என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: பக்கத்து வீட்டுக்காரனுக்கு.

இரண்டு நாட்டுப் படைகளும் மாறி மாறி நடந்து, 300 வருடம் மிதிபட்ட நிலம் அது. விதைத்தால் அறுப்போமா என்ற நிச்சயம் இல்லை. அதனால் சொத்து என்றால் மாடு. ஓட்டிக்கொண்டு ஓடலாம் இல்லையா? அதே காரணத்தால் திருடவும் எளிது. ஆம்ஸ்ட்ராங், கிரஹாம், எலியட், கெர் என்று குடும்பப் பெயர்களோடு கூட்டமாக இரவில் குதிரையேறிப் போய், அடுத்த பள்ளத்தாக்கின் மாடுகளை ஓட்டிவருவார்கள். இவர்களுக்கு ரீவர் என்று பெயர். அறுவடை முடிந்து இரவு நீளத் தொடங்கும் மாதங்கள்தான் அவர்கள் பருவம். பறிகொடுத்தவனுக்கு 6 நாள் அவகாசம் உண்டு. ஈட்டி முனையில் எரியும் புல்கரிக் கட்டியை (சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து எரிப்பது, பீட் என்பார்கள்) குத்தித் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டித் துரத்தலாம். அது சட்டப்படி செல்லும். அந்தத் தீயைப் பார்ப்பவர்கள் துணைக்கு வரவேண்டும். இன்றைக்கு நாம் சாதாரணமாகச் சொல்லும் "பிளாக்மெயில்" இந்த ஊர்ச் சொல்தான். "மெயில்" என்றால் வாடகை, வரி. உன் மாட்டைத் தொடமாட்டேன் என்பதற்காக ரீவருக்குக் கட்டிய பணம் அது.

1535-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. எல்லைப் பகுதியில் 100 பவுண்டு மதிப்புக்கு நிலம் உள்ள ஒவ்வொருவரும் கல்லும் சுண்ணாம்புமாக, பக்கத்துக்கு 60 அடி கொண்ட ஒரு சதுர மதில் எழுப்ப வேண்டும். ஆபத்துக் காலத்தில் அவனும் குடிகளும் அவர்கள் உடைமைகளும் உள்ளே ஒதுங்குவதற்கு. இதில் என்னை நிறுத்திவைத்த விஷயம் இதுதான்: கட்டாயம் மதிலுக்குத்தான். அதற்குள் கோபுரம் வேண்டுமா என்பது உடையவன் விருப்பம்! மாட்டுக்கு முதலில் சுவர், மனிதனுக்கு அப்புறம் கோபுரம். அந்த மதிலை இங்கே பார்ம்கின் என்பார்கள்.

பழையஏடு எழுதியது:

அயர்லாந்தில் அதே மதிலுக்குப் பெயர் பான். ஐரிஷ் மொழியில் "போ" பசு, "தூன்" கோட்டை. பசுக்கோட்டை. எல்லைநடையன் சொன்னதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

சுண்ணாம்புக்காரை எழுதியது:

கட்டடப் பொறியாளன், கோயம்புத்தூர். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலை. வரலாறு மற்றவர்கள் சொல்லட்டும், அந்தப் பாய் அச்சைப் பற்றி நான் சொல்கிறேன். ஷானன்கரை அம்மாவுக்கு என் வணக்கம். எத்தனையோ பேர் கூரையைப் பார்க்காமலே வந்துவிடுவார்கள்.

அது சென்ட்ரிங். வேறொன்றும் இல்லை. கல்லை வளைவாக அடுக்கும்போது சாந்து இறுகும்வரை அடியில் இருந்து தாங்க ஒரு வளைந்த தட்டி வேண்டும். நாம் பலகை அடிப்போம், இப்போது இரும்புத் தகடு. பலகையாகவே அடித்தவர்களும் அங்கே உண்டு. ஆனால் அயர்லாந்துக் கொத்தனார்கள் விரும்பிச் செய்தது வேறு: வில்லோ விளார்களைப் பச்சையாக வெட்டி, கூடை முடைகிறவர்களைக் கொண்டு பெரிய தட்டிகளாகப் பின்னி, மரச்சட்டத்தின் மேல் வளைத்துப் போட்டார்கள். அதன் மேல் சாந்தைக் கனமாக விரித்து, கற்களைச் செங்குத்தாகச் செருகி வளைவை முடிப்பார்கள். வளைகிற பொருள், செலவு குறைவு, சாந்து ஓட்டைகளில் புகுந்து பிடித்துக்கொள்ளும். இறுகியதும் சட்டத்தை இறக்கிவிட்டுத் தட்டியை உரிப்பார்கள். சில இடங்களில் சாந்துக்குள் சிக்கிய விளார்த் துண்டு இன்னும் இருக்கிறது. அதை எடுத்துக் கரிமக் காலக்கணிப்புச் செய்தால் கட்டிய காலத்தைக் கண்டுபிடிக்கலாம். விளார் ஒன்றிரண்டு வருட வளர்ச்சி என்பதால் பழைய மரத்தை எடுத்துப் போட்டிருப்பார்களோ என்ற சந்தேகமும் கிடையாது. நீங்கள் பார்த்தது ஒரு கூடை முடைகிறவரின் கைவேலை. பெயர் தெரியாத அவர் பின்னல் எந்த இடத்தில் இடமிருந்து வலமாகத் திரும்புகிறது என்பதைக்கூட அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் கல் கல்லாகத் தெரியும் சுவரைப் பார்த்து இதுதான் பழமை என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. பெரும்பாலான கோபுரங்களுக்கு வெளிப்பூச்சு இருந்தது. சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையடித்து வைத்திருந்தார்கள், ஸ்காட்லாந்திலும் அப்படித்தான். பச்சை வயலுக்கு நடுவே பளீரென்று வெள்ளைக் கோபுரம் நிற்பதைக் கற்பனை செய்யுங்கள். அந்த மழைக்குப் பூச்சு இல்லாமல் சுவர் எப்படித் தாங்கும்? பூச்சு உதிர்ந்தபின் எலும்பைத்தான் நாம் ரசிக்கிறோம்.

இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை: இந்த மாதிரிச் சுவரில் சிமெண்டு வைத்து இணைப்பு பூசுவது கொலை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். சிமெண்டு அதன் வாயை அடைத்துவிடும். ஈரம் கல்லுக்குள் தங்கி, உறைபனிக் காலத்தில் கல் முகம் பொரிந்து விழும். ஒரு பழைய கட்டடத்தில் எங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் நல்லது செய்வதாக நினைத்து இப்படிப் பூசிவிட்டார்கள். அதை உளியால் ஒவ்வொரு அங்குலமாகச் சுரண்டி எடுக்க எங்களுக்கு 5 மாதம் ஆனது.

மாடிவீடு எழுதியது:

படி கடிகாரச் சுற்றில் ஏறும், மேலே இருந்து இறங்கிச் சண்டை போடுபவனின் வலது கைக்கு வீச இடம் கிடைக்கும், கீழே இருந்து வருபவனின் வாள் நடுத்தூணில் இடிக்கும் என்று படித்தேன். எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்!

எல்லைநடையன் எழுதியது:

எல்லாக் கோட்டையிலும் சொல்லும் கதை இது, நானும் பல வருடம் நம்பினேன். இப்போது நம்பவில்லை. எதிர்ச் சுற்றில் ஏறும் படிகள் நிறையவே இருக்கின்றன. ஒரே கோபுரத்தில் கீழே ஒரு சுற்றும் மேலே வேறு சுற்றுமாகவும் பார்த்திருக்கிறேன். அதைவிட, எதிரி படிக்கட்டு வரை வந்துவிட்டான் என்றால் வீடு ஏற்கெனவே போய்விட்டது. கீழே ஈர வைக்கோலைக் கொளுத்தினாலே போதும், அந்தச் சுழல்படி புகைபோக்கியாகிவிடும். மேலே உள்ளவர்கள் மூச்சு முட்டிக் கைகளைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதுதான். ரீவர்கள் இப்படிப் புகை போட்டுத்தான் கோபுரங்களைப் பிடித்தார்கள். இல்லையென்றால் ஏணி போட்டு ஏறிக் கூரையைப் பிரிப்பார்கள்.

ஜெட்பரோ பக்கத்து ஃபெர்னிஹர்ஸ்ட்டில் எதிர்ச் சுற்றுப் படி இருக்கிறது. கெர் குடும்பத்தார் இடதுகைக்காரர்கள், அதனால்தான் என்பார்கள். ஸ்காட்லாந்தில் இடதுகைக்காரரை "கெர் கை" என்று சொல்லும் வழக்கம்கூட உண்டு.

மாடிவீடு எழுதியது:

அப்படியானால் இந்தக் கோபுரத்தால் என்னதான் பயன்? புகை போட்டால் விழுந்துவிடும், பீரங்கி வந்தால் விழுந்துவிடும். இவ்வளவு கல்லைச் சுமந்து எதற்குக் கட்ட வேண்டும்?

எல்லைநடையன் எழுதியது:

நல்ல கேள்வி. ஓர் இரவு தாங்கினால் போதும், அதுதான் பயன். ரீவர்கள் முற்றுகை போட வரவில்லை. விடிவதற்குள் மாட்டோடு ஊர் திரும்ப வேண்டும். கதவு ஒரு மணி நேரம் தாங்கினால், மேல்தளத்தில் இருந்து தீ மூட்டி அடுத்த கோபுரத்துக்குச் சைகை காட்டினால், உதவி வந்துவிடும். அதனால்தான் கதவு மேல் அவ்வளவு அக்கறை. மரக்கதவுக்குப் பின்னால் இரும்புக் கம்பிகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் செய்த கிராதி, அதற்கும் பின்னால் சுவர்ப்பொந்தில் இருந்து இழுத்துப் போடும் குறுக்கு மரம். கோட்டைச் சண்டையோடு ஒப்பிட்டால் இது சாதாரணம். நள்ளிரவில் பத்துக் குதிரைக்காரர்கள் வாசலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள், அப்போது இது பெரிது.

வீட்டை விட்டு ஓடவேண்டி வந்தாலும் ஒரு வழி வைத்திருந்தார்கள். உள்ளே புல்கரியை அடைத்துக் கனியவிட்டுப் போய்விடுவார்கள். நாள்கணக்கில் உள்ளே தணல் இருக்கும்போது எதிரி வெடிமருந்தை எடுத்துக்கொண்டு கிட்ட வரமுடியுமா? சுவர் பிழைத்துக்கொள்ளும். திரும்பி வந்து மரத்தளமும் கூரையும் போட்டால் வீடு தயார்.

திபிலிசி மாணவி எழுதியது:

நான் ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறைய பேர். போன கோடை விடுமுறையில் ஸ்வானெட்டி போயிருந்தோம். நீங்கள் பேசுவதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

காகசஸ் மலையில் உஷ்குலி என்று ஒரு ஊர்த் தொகுதி, 2100 மீட்டர் உயரம். தலைக்கு மேல் ஷ்காரா சிகரம், 5000 மீட்டருக்கு மேல், ஆகஸ்டிலும் வெள்ளையாக நிற்கிறது. சாசாஷி என்ற சின்னக் கிராமத்திலும் சுற்றிலும் கோபுரங்களும் கோபுர வீடுகளும் நெருக்கி நிற்கும். 1996-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. பெரும்பாலும் 9 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை கட்டியவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோபுரம். 20, 25 மீட்டர் உயரம், மேலே போகப் போக ஒடுங்கும். உள்ளே படியே கிடையாது. ஏணி மட்டும். மேலே ஏறி ஏணியை இழுத்துக்கொண்டு தரையில் உள்ள பொந்தைப் பலகைக் கல்லால் மூடிவிட்டால் அவ்வளவுதான். நான் மூன்றாவது தளத்தில் திரும்பிவிட்டேன், கால் நடுங்கியது. அங்கே பயம் வெளியார் படையெடுப்புக்கும் உண்டு, இரத்தப் பழிக்கும் உண்டு. ஒரு கொலை நடந்தால் தலைமுறை தலைமுறையாகப் பழி வாங்குவார்கள். பழிக்கு உள்ளான வீட்டு ஆண்கள் மாதக்கணக்கில் வெளியே தலைகாட்ட மாட்டார்களாம்.

ஷானன்கரை அண்ணா, உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு அங்கே பதில் நேராகவே இருக்கிறது. கோபுரத்தில் யாரும் சமைக்கவில்லை. கோபுரத்தை ஒட்டி ஒரு கல் வீடு. அதன் கீழ்த்தளத்துக்கு மச்சூபி என்று பெயர், ஒரே பெரிய அறை. நடுவில் திறந்த அடுப்பு. மேலே மரக்கூரையில் பொறி பட்டுவிடாமல் இருக்க அடுப்புக்கு நேராக ஒரு பலகைக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் சுவரோரம் மாட்டுக் கொட்டில், வரிசையாக மரச் செதுக்கு வளைவுகள், ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு மாட்டின் தலை தெரியும்படி. அதற்கு மேல் பரண், அங்கேதான் குடும்பம் படுக்கும். கீழே மாட்டின் சூடு மேலே வரும். அந்தப் பரணின் முகப்பில் அவ்வளவு நுணுக்கமான வட்டச் செதுக்கல்கள்! ஆபத்து வந்தால் மட்டும் வீட்டின் மேல்தளத்து வழியாகக் கோபுரத்துக்குள் போய்விடுவார்கள். அங்கே ஒரு பாட்டி அடுப்புப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய செதுக்கு நாற்காலியைக் காட்டி, குடும்பத் தலைவர் மட்டும் உட்காரும் இடம் என்றார்.

நகர்வலம் எழுதியது:

இத்தாலியில் பொலோன்யா, சான் ஜிமிஞ்ஞானோ கோபுரங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா? சான் ஜிமிஞ்ஞானோவில் ஒரு காலத்தில் 72 இருந்ததாம், இப்போது 14.

பழையஏடு எழுதியது:

உறவு உண்டு, ஆனால் வேறு கிளை. அவை நகரத்துக் குடும்பங்களின் போட்டி. பொலோன்யாவின் அசினெல்லி 97 மீட்டர். உள்ளே போனால் சுவர்தான், வாழ இடம் குறைவு. குடும்பம் பக்கத்து வீட்டில் இருக்கும், கோபுரம் கௌரவத்துக்கும் கலவர நேரத்துக்கும். அதனால்தான் நகர ஆட்சி வலுத்ததும் முதலில் கோபுரத்தின் உயரத்தில் கை வைத்தார்கள். பிளாரன்ஸில் 1250-இல் 50 பிராச்சாவுக்கு, அதாவது சுமார் 29 மீட்டருக்கு மேல் இருந்ததை எல்லாம் இடித்துக் குறைக்கச் சொன்னார்கள். பொலோன்யாவில் அசினெல்லிக்குப் பக்கத்திலேயே சாய்ந்து நிற்கும் கரிசெண்டாவை 2023 அக்டோபரில் இருந்து தடுப்புக் கட்டிப் பாதுகாக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே அடுப்பை விட்டு விலகவேண்டாம்.

எல்லைநடையன் எழுதியது:

அடுப்புக்கே வருகிறேன். திபிலிசி மாணவி சொன்னதுதான் திறவுகோல், நல்ல பதிவு தங்கச்சி.

நாம் எல்லோரும் செய்யும் தப்பு, நிற்கிற கல்லை மட்டும் வீடு என்று நினைப்பது. கெல்சோ பக்கத்தில் ஸ்மெயில்ஹோம் என்று ஒரு கோபுரம், பாறை மேல் தன்னந்தனியாக நிற்கும். 20 மீட்டர் உயரம், 2 மீட்டருக்கு மேல் சுவர்க் கனம். பிரிங்கிள் குடும்பத்தின் வீடு. 1540களில் ஆங்கிலேயப் பக்கத்தில் இருந்து வந்து மாடுகளை ஓட்டிப் போயிருக்கிறார்கள். ஓவியம் மாதிரித் தனியாக நிற்பதால் எல்லோரும் அதையே படம் பிடிப்பார்கள். ஆனால் மதிலுக்குள் தோண்டிப் பார்த்தபோது கோபுரத்துக்கு ஒரு பக்கம் கூடமும் அறையும், மறுபக்கம் சமையற்கட்டும் இருந்த அடித்தளம் கிடைத்தது. நானும் முதலில் போனபோது அந்தத் தாழ்ந்த சுவர்வரிசை மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு வந்தவன்தான். அது அடுக்களை என்று பிறகுதான் தெரிந்தது.

டீ ஆற்றுத் தீவில் உள்ள த்ரீவ் இன்னும் பெரிய சாட்சி. 1369-க்குப் பிறகு ஆர்ச்சிபால்டு டக்ளஸ் எழுப்பியது, ஸ்காட்லாந்துக் கோபுர வீடுகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. இன்றைக்குப் படகில் போனால் ஒற்றைக் கோபுரம். 1970களில் தோண்டியபோது அதைச் சுற்றிப் பல கட்டடங்கள் வெளிப்பட்டன. பெரிய விருந்துக் கூடம்கூட வெளியேதான் இருந்திருக்கிறது. ஒரு தெருவே இருந்த இடத்தில் நாம் ஒரு வீட்டை மட்டும் பார்க்கிறோம்.

பழையஏடு எழுதியது:

அயர்லாந்துக்கும் இதே கதைதான். பான் மதிலுக்குள் மரத்தாலும் மண்ணாலும் கட்டி வைக்கோல் வேய்ந்த கூடம், சமையற்கட்டு, கொட்டில், ஆட்கள் குடிசை எல்லாம் இருந்தன. தீக்குப் பயந்து சமையலைக் கோபுரத்துக்கு வெளியே வைப்பது புத்திசாலித்தனமும்கூட. 400 வருட மழையில் மண்ணும் வைக்கோலும் கரைந்துபோயின. மதில் கல்லை ஊர்க்காரர்கள் தொழுவத்துக்கும் வேலிச் சுவருக்கும் எடுத்துக்கொண்டார்கள். கூரை நிலைத்தது அபூர்வம். டப்ளின் பக்கம் டன்சோக்லியில் மட்டும் 15-ஆம் நூற்றாண்டு ஓக் கூரை அப்படியே நிற்கிறது. பன்ராட்டியைப் புதுப்பித்தபோது கூரைக்கு மாதிரி அதுதான்.

தம்பிக்கு ஒரு நல்ல செய்தி. உங்கள் லிமெரிக்கிலேயே நீதிபதியாக இருந்த லூக் ஜெர்னன் என்ற ஆங்கிலேயர், 1620 வாக்கில் இப்படி ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனதை எழுதிவைத்திருக்கிறார். வீட்டு அம்மாள் தன் பெண்களோடு வந்து வரவேற்கிறார். குடிக்கக் கொடுத்து உபசரிக்கிறார்கள். படி குறுகல். கூடம் எல்லாவற்றுக்கும் மேலே. நடுத்தரையில் தீ மூட்டியிருக்கிறார்கள். மேலே ஏறினால் மறுநாள் காலை வரை கீழே இறங்க விடமாட்டார்கள் என்கிறார். இறைச்சி வகை வகையாக வருகிறது, ஆனால் சமையல் சரியில்லை என்று குறையும் சொல்கிறார். கூடத்து நடுத்தீ குளிர்காயவும் கூடி உட்காரவும். அத்தனை இறைச்சியும் வெளியே வெந்து, நீங்கள் கயிற்றைப் பிடித்து ஏறிய அந்தப் படி வழியாக ஆறிப்போய் மேலே வந்திருக்கும் என்பது என் ஊகம்.

முடிவு எப்படி என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1603-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டின் மகுடமும் ஒருவர் தலைக்கு வந்ததும் எல்லை என்பதே இல்லாமல் போனது. ரீவர்களைத் தூக்கில் போட்டார்கள். கிரஹாம் குடும்பத்தார் பலரைக் கப்பலேற்றி அயர்லாந்தின் ராஸ்காமனுக்கு அனுப்பினார்கள். எல்லையில் கோபுரம் தேவைப்படாமல் போகும்போதே, அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டரில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நிலம் வாங்கினால் பான் மதில் எழுப்பவேண்டும் என்பது 1609 குடியேற்ற நிபந்தனை. 1625-இல் ஜேம்ஸ் ஷா கட்டிய பாலிகாலி இன்று தங்கும் விடுதி. 1649-இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் கிராம்வெல் பீரங்கியோடு வந்தபின் கோபுரக் காலம் முடிந்தது. நிலம் கைமாறியது. புது முதலாளிகளுக்குப் பெரிய ஜன்னல் வேண்டியிருந்தது.

வாசகி_தஞ்சை எழுதியது:

கவிஞர் யேட்ஸ் கால்வே பக்கம் ஒரு கோபுரத்தை 1917-இல் 35 பவுண்டுக்கு வாங்கினார், தூர் பாலிலீ என்று பெயர் வைத்தார். அவரும் மனைவியும் முதலில் சீர்செய்தது கோபுரத்தை ஒட்டியிருந்த குடிலைத்தான். 400 வருடம் கழித்து வந்தவர்களுக்கும் அதே ஏற்பாடுதான் வசதிப்பட்டிருக்கிறது. இன்றும் மழைக்காலத்தில் பக்கத்து ஆறு உள்ளே வந்துவிடுகிறது.

ஷானன்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடியும் போனேன், இந்த முறை வெளியே சுற்றி.

போன தடவை உள்ளே போகும் அவசரத்தில் பார்க்காமல் விட்டது: வடக்குச் சுவரில், இரண்டாம் தள உயரத்தில் தொடங்கிச் சாய்வாக இறங்கும் ஒரு கல் வரிசை, சுவரில் இருந்து நான்கு விரல் துருத்திக்கொண்டு. எதிர்ப்பக்கம் அதே சாய்வில் இன்னொன்று. ஒரு கூரையின் முக்கோணம்! மழைநீர் இணைப்பில் இறங்காமல் இருக்க வைத்த கற்கள். அதற்குக் கீழே உத்தரம் செருகிய மூன்று பொந்து, ஒரே மட்டத்தில். அதற்கும் கீழே ஒரு வாசல், பிற்காலத்தில் கல்லை வைத்து அடைத்தது. அந்த முக்கோணத்துக்குள் மட்டும் சுவரில் வெள்ளைப் பூச்சு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, சுண்ணாம்புக்காரை சொன்ன மாதிரி. உள்ளங்கை அளவுதான். தொட்டுப் பார்க்கவில்லை.

நிலத்துக்காரர் டிராக்டரோடு வந்தார். அந்தச் சாய்வான கல் வரிசையைக் காட்டியதும் ஆர்வமாகிவிட்டார். 2018-இல் பெரிய வறட்சி வந்த கோடையில் வயல் முழுக்கக் காய்ந்தபோது, கோபுரத்துக்கு வடக்கே புல்லில் செவ்வகமாக மஞ்சள் கோடு விழுந்ததாம். அவர் மனைவி மாடி ஜன்னலில் இருந்து படம் எடுத்திருக்கிறார், ஃபோனில் காட்டினார். பெரிய செவ்வகம் ஒன்று, அதன் மூலையில் சின்னது ஒன்று.

பழையஏடு எழுதியது:

அடியில் சுவர் இருந்தால் மேலே மண் ஆழம் குறைவு, புல் முதலில் காயும். அயர்லாந்து முழுக்க அந்த வருடம் இப்படிப் பல தடங்கள் வெளிப்பட்டன. நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை மேட்டின் பக்கத்தில் ஒரு பெரிய வட்ட அமைப்பையே அந்த ஜூலையில்தான் கண்டுபிடித்தார்கள். அந்தப் படத்தை தேசிய நினைவுச்சின்னப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். யாரும் தோண்டிவிடவேண்டாம், உலோகம் தேடும் கருவியும் கொண்டு போகவேண்டாம். அனுமதி இல்லாமல் செய்தால் அங்கே குற்றம்.

ஷானன்கரை எழுதியது:

சொல்லிவிட்டேன் ஐயா, இன்று இரவே அனுப்புகிறார்கள். அம்மாவுக்கு வீடியோ காலில் எல்லாவற்றையும் காட்டினேன். அந்தச் சின்னச் செவ்வகத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார்கள். "அங்கதான்டா இருந்திருக்கும். கூடத்துக்குப் பக்கம், காத்து அடிச்சா புகை வீட்டுக்குள்ள வராத மூலையா பாத்து வெச்சிருக்கா" என்றார்கள். காற்று மேற்கில் இருந்து வரும் ஊர் இது. படத்தில் அந்த மூலை கிழக்கு.

அப்புறம் கேட்டார்கள்: "சரி, தண்ணி எங்க இருந்து எடுத்தா? கிணறு இருக்கான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. சனிக்கிழமை போகிறேன்.